பாஸ் கிட்டாரின் குமிழும் என் பெயரும்

1. ஆசாரி இருக்காரா?

எங்கள் பட்டறை வாசலில் வந்து நிற்கிற யாரும் முதலில் கேட்பது இதைத்தான்.

"ஆசாரி இருக்காரா?"

நானும் எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்லுவேன்.

"உள்ள இருக்காரு. குடுத்துட்டுப் போங்க, நாளைக்கு வாங்க."

அது பொய் இல்லை. அப்பா ஏழுமலை ஆசாரி உள்ளேதான் இருந்தார். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோய்க் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். அதற்குப் பிறகு அவர் உளியைத் தொட்டதே இல்லை. பிள்ளையார்பாளையத்துத் தறிகளிலிருந்து வருகிற சாமான் எல்லாவற்றுக்கும் வேலை செய்தது நான். ஊடை நூலைச் சுமந்துகொண்டு தறியில் இப்படியும் அப்படியும் ஓடுமே நாடா, அதற்கு மூக்குச் செதுக்குவேன். விரிந்துபோன மிதிக்கட்டைக்கு ஒட்டுப் போடுவேன். நெய்த சேலையைச் சுற்றுகிற படமரத்தை இழைத்து உருட்டுவேன். மகன் இல்லாத வீட்டில் ரம்பத்தின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே, அப்படித்தான் சின்ன வயசிலேயே எனக்கு வேலை வந்தது.

தெருவுக்கே இது தெரியும். அப்படியும் "ஆசாரி இருக்காரா" என்று கேட்பார்கள், நானும் "உள்ள இருக்காரு" என்பேன். பொம்பளை செதுக்கின நாடாவைத் தறியில் விட்டால் நூல் அறும் என்று பேசிக்கொண்ட காலம் அது. யார் செதுக்கினது என்று தெரியாத மாதிரி வாங்கிக்கொண்டு போனால் அறாது. அந்த நூலுக்கு எவ்வளவு புத்தி பாருங்கள்.

இந்தப் பழக்கம் எப்படி ஒழிந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்போது மரவேலை, கரண்ட் வேலை என்று கற்றுக்கொள்ளப் போகிற பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும். எனக்கு மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மெதுவாகத்தான் எழுத வரும். நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

2. போர்வையில் சுற்றிக்கொண்டு வந்தது

எழுபதுகளில் ஓர் ஆடி மாதம். காலையில் தேவராஜ் வந்தான். கோதண்டம் முதலாளியின் தறிக்கூடத்தில் நெய்கிற பையன். பையன் என்கிறேனே தவிர, மீசை வைத்த ஆள்தான். பகலில் தறி, சாயங்காலம் மெல்லிசைக் குழு. அந்தக் குழுவே முதலாளியுடையதுதான். மைக் செட், டிரம், பெட்டி எல்லாம் அவர் வாங்கிப் போட்டது.

காய்ச்சல் வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி, போர்வையில் எதையோ சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"ஆசாரி இருக்காராக்கா?"

"உள்ள இருக்காரு. குடுத்துட்டுப் போ."

"குடுத்துட்டுப் போவ முடியாதுக்கா. இது மொதலாளி சாமான். கண்ண வுட்டு அகன்டுச்சுன்னா என் தோல உரிச்சி தொங்க வுட்டுடுவாரு. நான் இங்கியே குந்திக்கினு இருக்கேன். நீ ஆசாரியக் கூப்புடு."

இத்தனை வருடத்தில் வேலை முடிகிற வரைக்கும் யாரும் பட்டறையில் உட்கார்ந்தது இல்லை. வைத்துவிட்டுப் போவார்கள், திரும்பி வரும்போது முடிந்திருக்கும். நடுவில் நடப்பதை ஒருத்தரும் பார்க்கவில்லை என்பதால்தான் எல்லாருக்கும் சௌகரியமாக இருந்தது.

"மொதல்ல பிரிச்சுக் காட்டு" என்றேன்.

பிரித்தான். சிவப்புச் சாயம் பூசின தட்டை மரம். இரண்டு கொம்பு, நீளமான கழுத்து, தடித்தடியாக நாலு கம்பி.

"இன்னாபா இது, வீணைக்கு வவுறு ஒட்டிப் போச்சா?"

"பாஸ் கிட்டாருக்கா. கரண்ட்டுல வேலை செய்யும். மொதலாளி மெட்ராஸ்ல பழசா வாங்கினு வந்தது. பெல்ட் மாட்டி தோள்ல தொங்க வுட்டுக்கினு வாசிக்கணும்."

பெல்ட் மாட்டுவதற்கு மேல் கொம்பில் ஒரு குமிழ், அடிப்பக்கத்தில் ஒரு குமிழ். ஒவ்வொன்றையும் ஒரு ஸ்க்ரூ பிடித்துக்கொண்டிருக்கும். அவன் பட்டன் என்றான், நான் குமிழ் என்றேன். முந்தின நாள் ஒத்திகையில் அடிக் குமிழ் ஸ்க்ரூவோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டதாம். கிட்டார் கீழே போய்த் தரையில் மோதியதில் ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்தது.

"நாளைக்கு சாயங்காலம் அம்மன் கோயில்ல கூழ் ஊத்தறாங்க. நம்ம புரோகிராம் இருக்குது. மேடையில இன்னொருவாட்டி உழுந்துச்சுன்னா, மச்சான் மவன் கையில குடுத்துடுவேன்னு மொதலாளி சொல்லிட்டாருக்கா. அந்தாளுக்கு நாலு கம்பியில எது மேல்கம்பின்னு கூடத் தெரியாது."

குமிழ் இருந்த ஓட்டையைப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. ஊசியால் நெம்பி இழுத்தேன். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. பட்டு நூல் கழிவு. கஞ்சியில் தோய்த்துத் திணித்திருக்கிறான்.

"யாரு பண்ண வேலை இது?"

"நான்தான்" என்றான், தலையைச் சொறிந்துகொண்டு. "ஸ்க்ரூ லூஸா இருந்துச்சு. பட்டு நூலுக்கு இருக்கிற பலம் எதுக்குக்கா இருக்குது? நல்லா சுத்தி, கஞ்சி போட்டு முறுக்கி வுட்டேன்."

நெசவுக்காரனைத் தவிர வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். வீட்டில் எது பிய்ந்தாலும் பட்டு நூலைச் சுற்றுவார்கள், எது விலகினாலும் கஞ்சியைப் பூசுவார்கள். பட்டு கட்டுவதற்கு நல்லது. ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளாது, அதன் குணமே வழுக்குவதுதான். தோளில் மாட்டிக்கொண்டு ஆடுகிறவன் வேர்வை இறங்கியதும் கஞ்சி இளகிவிட்டது. அவ்வளவுதான் கதை.

"கிட்டாருக்கு முகூர்த்தச் சேலை கட்டி வுட்டிருக்க" என்றேன். சிரித்தான்.

சிரித்துவிட்டு, "ஆசாரிய எப்பக்கா கூப்புடப் போற?" என்றான்.

கையில் ஸ்க்ரூ முறுக்குகிற திருப்புளி இருந்தது. ஓட்டையின் ஆழத்தை அதனால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிராமலே சொன்னேன்.

"கூப்ட்டாச்சு. வந்தாச்சு. உன் எதுர்லதான் குந்திக்கினு இருக்குது."

அவன் போர்வையை மடித்துக் கீழே போட்டு உட்கார்ந்தான்.

"தெரியும்கா. எல்லாருக்கும் தெரியும். ஆனா இப்புடி நேருல பாத்துட்டா, தெரிஞ்ச மாதிரி ஆயிடுமே."

"ஆவட்டும்" என்றேன்.

3. பாவில் சொருகின குச்சி

இனி வேலையைச் சொல்கிறேன். கற்றுக்கொள்கிறவர்கள் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஸ்க்ரூ ஓட்டை பெருத்துப்போனால் தீக்குச்சியை உடைத்துப் போட்டு முறுக்குவார்கள். கதவுக் கொண்டிக்கு அது போதும். ஆளோடு சேர்ந்து ஆடுகிற சாமானுக்குப் போதாது. இந்தக் கிட்டாரில் இன்னொரு சங்கதியும் இருந்தது. மரத்தின் ரேகை தலையிலிருந்து அடிவரைக்கும் நீளவாக்கில் ஓடுகிறது. அடிக் குமிழின் ஸ்க்ரூவும் அதே வாக்கில்தான் உள்ளே போகிறது. ரேகையோடு போகிற ஸ்க்ரூவுக்கு மரத்தில் பிடி குறைவு.

தேவராஜுக்கு இதை எப்படிச் சொல்லுவது என்று யோசித்தேன். அவன் தொழிலிலேயே சொன்னேன். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுகிற நூல் பாவு, குறுக்கே ஓடுவது ஊடை.

"தறியில வெறும் பாவு மட்டும் இழுத்துக் கட்டி இருக்குது. நூலோட நூலா அது கூடவே ஒரு குச்சியச் சொருகினா நிக்குமா?"

"நிக்காது. உருவிக்கினு வந்துடும்."

"ஊடை போட்டு நெய்ஞ்ச துணியில குத்தினா?"

"நிக்கும்."

"இந்த மரத்துல நீளத்துக்கும் பாவுதான் இருக்குது. நாம ஊடை போடப் போறோம்."

பழைய ஓட்டையைக் கை டிரில் வைத்துப் பெரிதாக்கிச் சுத்தமான மரம் தெரிகிற வரைக்கும் எடுத்தேன். சிவப்புச் சாயத்தின் மேல் டிரில் இறங்கியபோது தேவராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு, விரிசல் விட்டதென்று தள்ளிவைத்திருந்த ஒரு பழைய நாடாவை எடுத்தேன். நாடா மரம் இரும்பு மாதிரி இருக்கும். அதில் விரிசல் இல்லாத இடமாகப் பார்த்து, ஓட்டையை அடைக்க ஒரு முளை செதுக்கினேன். முளைக்குள் ரேகை நீளவாக்கில் ஓடக்கூடாது, குறுக்கே ஓட வேண்டும். விஷயமே அதில்தான் இருக்கிறது. வாங்குகிற உருண்டைக் குச்சியில் ரேகை நீளவாக்கில்தான் இருக்கும், அதை அடித்தால் மறுபடியும் பாவில் சொருகின குச்சிதான். குறுக்கு ரேகை முளை செதுக்கும்போது சட்டென்று உடையும். எனக்கும் உடைந்தது. அலட்டிக்கொள்ளாமல் இன்னொன்று செதுக்கினேன்.

வஜ்ஜிரப் பசையைச் சுடுதண்ணீர்ச் சட்டியில் வைத்து உருக்கி, முளையில் தடவி, மரச்சுத்தியால் மெல்லத் தட்டி இறக்கினேன். மறுநாள் காலை வரைக்கும் காயணும். தொடக்கூடாது.

4. முதலாளி வந்தார்

வஜ்ஜிர வாசனை அடங்குவதற்குள் கோதண்டம் முதலாளி வந்துவிட்டார். கூடத்தில் தேவராஜின் தறி சும்மா கிடப்பதைப் பார்த்துவிட்டுத் தேடி வந்திருக்கிறார். பட்டறைக்குள் தலையை நீட்டினார். என் மடியில் கிட்டார், கையில் பசைக் குச்சி.

"இன்னாடா இது? பொம்பள கையில குடுத்துட்டு வேடிக்க பாத்துக்கினு குந்தினு இருக்க? ஆசாரி எங்க?"

தேவராஜ் எழுந்து நின்றான்.

"நான்தான் மொதலாளி" என்றேன்.

"வெளையாடாத பொன்னம்மா. உள்ள உங்கப்பா சொல்லச் சொல்ல, நீ ஏதோ கையால செய்யற. அது வேற. இது எவ்ளோ பெரிய சாமான்!"

"எங்கப்பா ஒண்ணும் சொல்லல. காலையில கஞ்சி குடிச்சிட்டுத் தூங்கறாரு."

முதலாளி ஓட்டையைப் பார்த்தார். முளை இறங்கி, சுற்றிலும் பசை வழிந்திருந்தது. அந்த நிலையில் எடுத்துக்கொண்டு மெட்ராஸுக்கு ஓடினாலும் மறுநாள் சாயங்காலத்துக்குள் ஆகாது. அது அவருக்கும் தெரிந்தது.

"சரி, ஆனது ஆச்சு. யாராவது கேட்டா ஏழுமலை ஆசாரி போட்ட வேலைன்னு சொல்லிக்கலாம். ஆனா ஒண்ணு. மேடையில இது உழுந்துச்சு, பொம்பள வேலையாலதான் உழுந்துச்சுன்னு ஊருக்கே சொல்லிடுவேன். என் கூடத்துல இருந்து ஒரு நாடா கூட உன் வாசப்படி ஏறாது. பாத்துக்கோ."

எங்கள் பட்டறைக்கு வருகிற வேலையில் பெரும்பகுதி அவர் கூடத்து வேலைதான். அது நின்றால் அடுப்பு நின்ற மாதிரி. அடங்கிப் போயிருக்கலாம். ஆனால் அவர் சொன்னதில் ஒன்று முள் மாதிரி ஏறிவிட்டது.

"உழுந்தா என் வேலை, நின்னா எங்கப்பா வேலையா?"

"இன்னா?"

"உழுந்தா என் பேரச் சொல்லுங்க, ஒத்துக்கறேன். நின்னாலும் என் பேரத்தான் சொல்லணும். மைக்குல சொல்லணும்."

அதற்குள் அப்பா விழித்துக்கொண்டார். வாய் கோணிப்போனதால் அவர் பேச்சு வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் புரியும். "வாணாம்மா, சோறு பூடும்" என்றார்.

"சோத்துக்குத்தாம்பா கேக்கறேன்" என்றேன். "நீ போய்ச் சேந்துட்டா அப்பறம் யாரு உள்ள இருக்கறதா நான் சொல்றது?"

அப்பாவிடம் அப்படிப் பேசினது கொடுமைதான். ஆனால் நிஜம். இந்தப் பட்டறை அவர் மூச்சில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் போன மறுநாள் ஒரு நாடாகூட வராது. அவர் இருக்கும்போதே என் பெயரில் நின்றால்தான் உண்டு.

முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் முளையைத் தட்டிப் பார்த்தேன். மரத்தோடு மரமாகக் 'கெத்'தென்று ஒரே சத்தம். துருத்தின தலையை உளியால் சீவி, ஸ்க்ரூவை விட மெல்லிசாக ஒரு துளை போட்டு வைத்தேன். பழைய ஸ்க்ரூ குட்டை. கொஞ்சம் நீளமாக ஒன்று தேடி எடுத்தேன். குமிழுக்கும் மரத்துக்கும் நடுவில் வைக்க எருமைத் தோலில் ஒரு வாஷர் வெட்டினேன். எல்லாம் தயார். ஆனால் மாட்டவில்லை. குமிழையும் ஸ்க்ரூவையும் முந்தானையில் முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலாளியும் தேவராஜும் வந்தார்கள். ஓட்டையைப் பார்த்தார்கள்.

"எங்க குமிழு?"

"எங்க உங்க பதிலு?"

தேவராஜ் இருமுகிற மாதிரி சிரிப்பை அடக்கினான். முதலாளி அவனை ஒரு முறை முறைத்தார். சாயங்காலம் புரோகிராம். ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் வருவார்கள்.

"சரிம்மா, சொல்லித் தொலைக்கிறேன். ஆசாரிச்சி பொன்னம்மா செஞ்சதுன்னு சொல்றேன். போதுமா?"

"ஆசாரிச்சின்னா ஆசாரியோட பொண்டாட்டி. எங்க வூட்டுக்காரரு லாரி ஷெட்டுல டயர் மாத்தறாரு. அவரு உளி புடிக்கல, நான் எப்புடி ஆசாரிச்சி?"

"பின்ன இன்னான்னு சொல்றது? பொம்பளைக்கு வேற வார்த்தை இல்லியேம்மா."

"வேற எதுக்கு? உளி புடிக்கறவங்க ஆசாரி. நான் ஆசாரி. பொன்னம்மா ஆசாரின்னு சொல்லுங்க."

வாயில் வேப்பங்காய் போட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "சொல்றேன்" என்றார்.

முடிச்சை அவிழ்த்தேன். ஸ்க்ரூவுக்குச் சோப்பு தேய்த்து முறுக்கினேன். கடைசிச் சுற்று போகும்போது முளை 'கிர்' என்று முனகியது. அதுதான் மரம் பிடித்துக்கொள்கிற சத்தம். பெல்ட்டின் ஒரு முனையை உத்தரத்து ஆணியில் மாட்டி, மறுமுனையில் அந்த ஒற்றைக் குமிழிலேயே கிட்டாரைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, கழுத்தைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தேன். தேவராஜ் கண்ணை மூடிக்கொண்டான். முதலாளி மூடவில்லை. குமிழ் அசையவில்லை.

5. அம்மன் கோயில் மேடை

சாயங்காலம் விளக்கு வைத்ததும் போனேன். கூழ் வாங்கின பாத்திரங்களோடு பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். இடுப்பில் திருப்புளியைச் சொருகியிருந்தேன். நடுவில் ஸ்க்ரூ இளகினால் மேடை ஏறி முறுக்கிவிடலாம் என்றுதான் எடுத்துப்போனேன். வேறு எண்ணம் இல்லை.

தேவராஜ் முதல் பாட்டுக்கு வலது முழங்கையால் கிட்டாரை அணைத்துக்கொண்டே வாசித்தான். பயம் போகவில்லை. இரண்டாவது பாட்டுக்கு முழங்கையை எடுத்தான். அப்புறம் ஒரு பாட்டில் டிரம் மட்டும் போகிற இடத்தில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினான். கிட்டார் அவன் வயிற்றின்மேல் தானாக ஆடியது. விழவில்லை. அந்த டும் டும் சத்தம் என் நெஞ்சுக்குள்ளேயே இருந்து வந்த மாதிரி இருந்தது.

நடுவில் முதலாளி மைக்கைப் பிடித்தார். கூழுக்கு அரிசி கொடுத்தவர், பந்தல் போட்டவர், மாலை தந்தவர் என்று வரிசையாக நன்றி சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார்.

"நம்ம குழுவோட கிட்டார நல்லபடியா சரி பண்ணிக் குடுத்த ஏழுமலை ஆசாரி அவர்களுக்கும்..."

எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. பாத்திரங்களைத் தாண்டி மேடைக்கு நேர் கீழே போய் நின்று, இடுப்பிலிருந்து திருப்புளியை உருவித் தூக்கிக் காட்டினேன்.

"மொதலாளி! பேரு தப்பாப் போச்சு. திருத்திச் சொல்றீங்களா, இல்ல நான் ஏறி வந்து என் குமிழக் கழட்டிக்கினு போவட்டா?"

மைக் அதையும் பிடித்துக்கொண்டது. நாலு ஹாரனிலும் தெருமுழுக்கக் கேட்டது.

முன்வரிசையில் ஒரு கிழவி, "கழட்டுடி பொன்னம்மா, கழட்டு!" என்று கத்தினாள். அவ்வளவுதான், பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. ஆண்கள் பக்கம் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்கள். தேவராஜ் என்ன செய்தான் தெரியுமா? மேடை ஓரத்துக்கு வந்து, கிட்டாரின் அடிப்பக்கத்தை என் பக்கமாகத் திருப்பி வசதியாக நீட்டினான். கூடத்து வேலை போனாலும் போகட்டும் என்று நின்றான் அந்தப் பையன்.

முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"கிட்டார சரி பண்ணிக் குடுத்த... பொன்னம்மா... ஆசாரி அவர்களுக்கு நன்றி."

'பொன்னம்மா'வுக்கும் 'ஆசாரி'க்கும் நடுவில் ஒரு பாட்டே பாடிவிடலாம், அவ்வளவு இடைவெளி. ஆனாலும் சேர்த்துத்தான் சொன்னார். நான் திருப்புளியை இடுப்பில் சொருகிக்கொண்டு போய் என் இடத்தில் உட்கார்ந்து கூழைக் குடித்தேன்.

6. பிறகு

சந்தோஷமாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். கோதண்டம் முதலாளி வைராக்கியமாக இருந்தார். தீபாவளிச் சேலைக் காலம் முடிகிற வரைக்கும் அவர் கூடத்திலிருந்து ஒரு சாமானும் வரவில்லை. தேவராஜ் வேறு கூடத்துக்குத் தறி மாறினான். கிட்டார் மட்டும் அவன் தோளிலேயே இருந்தது. முதலாளி அதைக் கொடுத்துப் பார்த்த மச்சான் மகன் ஒத்திகையிலேயே ஓடிவிட்டானாம். எங்கள் வீட்டில் அந்தச் சில மாதம் டயர் வேலைச் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை குத்தவில்லை, அதையும் எழுதிவைக்கிறேன்.

பிற்பாடு முதலாளி நாடாக்களை அனுப்பினார். வேறு இடத்தில் போட்ட மூக்கு சேலையைக் கிழித்ததால்தான் அனுப்பினார், என்மேல் பாசம் வந்து இல்லை. அந்தக் குமிழ் நான் பார்த்தவரைக்கும் இளகவே இல்லை.

பெண்பிள்ளைகளே, இதில் நான் கற்றுக்கொண்டது இதுதான். பெருத்துப்போன ஓட்டையில் எதையாவது திணித்து முறுக்கினால் அன்றைக்கு நிற்கும், ஆடும்போது பிடுங்கிக்கொள்ளும். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுக் குறுக்கே ஒரு முளை அடியுங்கள். குறுக்கே நின்றால்தான் பிடி இருக்கும். அடிக்கும்போது சத்தம் வரத்தான் செய்யும். வரட்டும்.

கூழ் ஊற்றின மறுநாள் காலையில், வீட்டில் சொந்தத் தறி போட்டிருந்த ஒரு பெரியவர் மூக்கு உடைந்த நாடாவோடு வந்தார். முந்தின நாள் மேடைக்கு எதிரிலேயே உட்கார்ந்து சிரித்தவர்தான். இருந்தாலும் நாக்குக்குப் பழக்கம் போகுமா? வாசலில் நின்று கேட்டார்.

"ஆசாரி இருக்காரா?"

உள்ளே கட்டிலில் அப்பா புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. நான் உளியைக் கீழே வைக்கவில்லை.

"இருக்கேன். குடுங்க" என்றேன்.